யாரும் தள்ளாத வண்டி

மனுசன் வாயால் வளரலாம், தப்பில்லை. நான் அப்படித்தான் வளர்ந்தேன். ஆனால் அந்த வாயை எங்கே மூட வேண்டும் என்று தெரியாதவன் சொந்தமாகக் கார் வாங்கக் கூடாது. இந்த உண்மையை நான் கற்றுக்கொண்டது ஒரு சர்வீஸ் சென்டரின் ஏசி அறையில், பத்துப் பேர் பார்க்க.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். (சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.) அஞ்சாம் கிளாஸோடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரத்துக்கு பஸ் ஏறியவன். சாலை பஜாரில் அடுத்தவன் கடைக்குக் கயிற்றுக்கட்டு சுமந்தேன். பிறகு சொந்தமாகக் கடை போட்டேன். கயிறு, தார்ப்பாய், பக்கெட். இன்றைக்கும் மழை வந்தால் பாதி ஊர் என் தார்ப்பாயின் கீழேதான் நனையாமல் நிற்கிறது. (மீதிப் பாதி எதிர்க்கடையில் வாங்கி நனைகிறது.)

அந்த மெரூன் காரை வாங்கிய நாள் இப்போதும் கண்ணில் நிற்கிறது. ஷோரூமில் இருந்த பெண், கம்பெனி வாரண்டி முடிந்த பிறகும் எஞ்சினைப் பார்த்துக்கொள்ள எக்ஸ்டெண்டட் வாரண்டி என்று ஒன்று இருப்பதாகச் சொன்னாள். நான் சிரித்தேன்.

"அம்மா, நான் கை வச்ச சாமான் எதுவும் கெட்டதில்ல" என்றேன்.

என் மகள் சுபா என்னைத் தாண்டிப் போய்க் கையெழுத்துப் போட்டாள். ஊருக்கு வெளியே, கழக்கூட்டம் என்ற இடத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவள். என்னைவிடப் படித்தவள், என்னைவிடப் பிடிவாதக்காரி. முதலாவதற்கு நான் செலவு செய்தேன். இரண்டாவது இலவசமாக என்னிடமிருந்து போனது.

வண்டி வந்த மறு வருசம் ஒரு மழை. தம்பானூர் பஸ் ஸ்டாண்டும் ரயில்வே ஸ்டேஷனும் ஒரே குளமாகிவிட்டன. அன்று என் கடைக்கு ஒதுங்கிய ஆட்டோக்காரர் ஒருவர், தான் அந்தத் தண்ணீருக்குள் வண்டியை இறக்கிக் கரையேறிய கதையைச் சொன்னார். நல்ல கதை. ஆனால் அதை ஒரு ஆட்டோவில் வைத்து வீணாக்கியிருந்தார். நான் அதை எடுத்து என் காரில் வைத்தேன்.

ரயிலுக்குப் போக வேண்டிய மொத்த வியாபாரி ஒருவரைப் பக்கத்து சீட்டில் உட்கார வைத்தேன். சுற்றிலும் நின்றுபோன கார்கள். நான் மட்டும் முதல் கியரில், காலை எடுக்காமல், படகு மாதிரிப் போனேன். போலீஸ்காரர் ஒருவர் சல்யூட் அடித்தார். சொல்லச் சொல்லத் தண்ணீர் ஏறியது. ஓணத்துக்குள் போனட்டைத் தொட்டுவிட்டது. சாலை பஜாரில் இந்தக் கதை கேட்காதவன் யாரும் இல்லை.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பொன்முடிக்குப் போனோம். நான், என் வீட்டுக்காரி பகவதி, சுபா. கொண்டை ஊசி வளைவில் ஏறும்போது உள்ளே 'கடகட' என்று ஒரு சத்தம். பிறகு சத்தமே இல்லை. இழுத்துப் போகும் வண்டி வரும்வரை மூவரும் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து, பனிக்குள் புளியோதரை தின்றோம். பகவதி அன்று பழைய பாட்டெல்லாம் பாடினாள். எஞ்சின் போனது அப்போது பெரிய துக்கமாகத் தெரிந்தது. இப்போது யோசித்தால், எங்கள் மூவருக்கும் அப்படி ஒரு மத்தியானம் பிறகு வாய்க்கவேயில்லை.

சர்வீஸ் சென்டரில் எஞ்சினைத் திறந்து பார்த்தார்கள். உள்ளே ஒரு செயின் அறுந்து எல்லாவற்றையும் அடித்து நொறுக்கியிருந்தது. எஞ்சினே மாற்ற வேண்டும். நான் அப்போதுதான் பக்கத்துக் கடையையும் சேர்த்து எடுத்துக் கையைச் சுட்டுக்கொண்டிருந்தேன். கம்பெனி வாரண்டி முடிந்திருந்தது. சுபா கையெழுத்துப் போட்ட வாரண்டிக்காரனும் மாட்டேன் என்றால் வண்டியை இரும்புக்குப் போட வேண்டியதுதான்.

வாரண்டி கம்பெனி அனுப்பிய இன்ஸ்பெக்டர் நல்ல மனுசர். அமைதியான மலையாளி. கையில் ஒரு டேப்லெட். எல்லாம் சரியாக இருந்தது. கடைசியாக ஒரு முறைக்குத்தான் கேட்டார்.

"வண்டி எப்போழெங்கிலும் வெள்ளத்தில் இறக்கியோ, அண்ணாச்சி?"

மலையாளத்தில் வெள்ளம் என்றால் வெறும் தண்ணீர்; வண்டியை எப்போதாவது தண்ணீரில் இறக்கினேனா என்றுதான் கேட்டார். இத்தனை வருசம் இந்த ஊரில் இருப்பவனுக்கு அது தெரியாதா? ஆனால் அந்த நேரம் என் காதில் விழுந்தது நம் தமிழ் வெள்ளம். அதுவும் என் சொந்த வெள்ளம். இவர் என் ஓட்டும் திறமையைச் சந்தேகப்படுகிறார் என்று நினைத்துவிட்டேன்.

"என்ன சார் அப்படிக் கேட்டுட்டீங்க? தம்பானூர் முங்கின அன்னைக்கு அதுக்குள்ள போன ஒரே வண்டி இதுதான்."

சுபா என் முழங்கையைக் கிள்ளினாள். உற்சாகப்படுத்துகிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

"போனட் வரெ வெள்ளம் உண்டாயிருந்நோ?" என்றார் அவர்.

"போனட்டா? அதுக்கும் மேல. ஒரு மீன் கண்ணாடியில முட்டிட்டுப் போச்சு."

(மீன் அன்றைக்குப் புதிதாகச் சேர்ந்தது.)

அவர் விரல் டேப்லெட்டில் நின்றது. முகத்தில் வருத்தம். "வெள்ளத்தில் ஓடிச்ச வண்டிக்கு வாரண்டி கிட்டில்ல அண்ணாச்சி. நிங்ஙள் தன்னே பறஞ்ஞ ஸ்திதிக்கு, ஞான் எழுதணும்" என்றார். நானே சொல்லிவிட்டதால் எழுதித்தான் ஆக வேண்டுமாம்.

எழுத வேண்டாம் என்று சுபா முன்னால் பாய்ந்தாள். "சாரே, எழுதல்லே. அது வெறும் தள்ளாணு. அப்பா எப்பவும் தள்ளும்."

எனக்கு ரத்தம் கொதித்தது. பெற்ற மகள், பத்துப் பேருக்கு முன்னால், என் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனேன் என்கிறாள்.

"யாரு தள்ளினா? ஒரு பய அந்த வண்டியில கை வைக்கல. நான் ஒத்தையா ஓட்டிட்டு வந்தேன். எழுதுங்க சார், நல்லா எழுதுங்க" என்றேன்.

அறையில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். இந்த ஊர்ப் பிள்ளைகள் பேச்சில் தள்ளு என்றால் பீத்தல் என்று எனக்கு அப்போது தெரியாது. கயிறு விற்றவனுக்கு எவன் இதைச் சொல்லித் தந்தான்? மகள் என்னைக் காப்பாற்றக் கயிறு போட்டாள். நான் அதை அறுத்துவிட்டு, தண்ணீருக்குள் நின்று சல்யூட் அடித்தேன்.

அதுவரை மூலையில் மிக்சர் தின்றுகொண்டிருந்த பகவதி எழுந்து வந்தாள்.

"ஏங்க, கொஞ்ச நேரம் அந்த வாய்க்கு லீவு குடுங்க" என்றாள். பிறகு அவரிடம், "சாரே, மழைன்னா இவரு வண்டியை வெளிய எடுக்கவே மாட்டாரு, சேறு பட்டுரும்னு. அன்னைக்கு வண்டி கரமனையில எங்க வீட்டுப் போர்ச்சில கெடந்துது. நான் அதுலதான் துணி காயப் போட்டிருந்தேன். சுபா, அந்தப் போட்டோவை எடுடி."

சுபா போனில் தேடினாள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அந்த மழை நாளில் அவளே போட்ட படம். 'தம்பானூர் முங்கியாச்சு, நம்ம வண்டிக்கு இப்பத்தான் வேலை வந்துருக்கு' என்று கீழே எழுதியிருந்தாள். இரண்டு பக்கக் கண்ணாடியிலும் என் பனியன். திறந்த கதவின் மேல் பகவதியின் உள்பாவாடை. முன் கண்ணாடியில், வைப்பரின் கீழே, விரித்துவைத்த என் பட்டாபட்டி. நீலக் கோடு போட்டது. சிரித்த முகத்தோடு இருந்தது.

இன்ஸ்பெக்டர் தேதியைப் பார்த்தார். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். அவர் மீசை ஆடியதை நான் கவனித்தேன்.

"ஈ ஃபோட்டோ எனிக்கு அயச்சு தரணும். ஹெட் ஆபீஸில் காணிக்கான்" என்று, மேலே காட்டுவதற்குப் படத்தை அனுப்பச் சொன்னார். பிறகு, நானே என் வாயால் சொல்ல வேண்டும் என்று என் பக்கம் திரும்பினார். "பக்ஷே அண்ணாச்சி தன்னே பறயணும். வண்டி வெள்ளத்தில் போயோ, இல்லயோ?"

ஒரு பக்கம் புது எஞ்சின். இன்னொரு பக்கம் சல்யூட் அடித்த போலீஸ்காரர், ரயிலைப் பிடித்த வியாபாரி, இப்போதுதான் பிறந்த அந்த மீன். எல்லாரும் என்னையே பார்த்தார்கள்.

"போகல" என்றேன்.

என் ஆயுசிலேயே நான் சொன்ன மிகச் சின்னக் கதை அதுதான்.

எஞ்சின் வந்தது. மாற்றிக் கொடுத்தார்கள். வண்டி பிறகு எத்தனையோ வருசம் பூனை மாதிரி ஓடியது. என் கதைதான் ஓடவில்லை. இப்போதும் வீட்டில் நான் தொண்டையைச் செருமினால் போதும், "அப்பா, தள்ளணுமா?" என்று சுபா எழுந்து கை கொடுக்க வருவாள். மருமகன் மரியாதைக்காரர், அவர் வாயைத் திறக்க மாட்டார். வந்து பின்னால் நின்று தள்ளுவது மாதிரி நிற்பார், அவ்வளவுதான்.

போன வருசம் அந்த மெரூன் வண்டியைக் கொடுத்துவிட்டோம். எனக்குக் கண் பார்வை பற்றவில்லை. கொண்டுபோக வந்த அன்று பகவதி போனட்டை முந்தானையால் ஒரு தடவை துடைத்துவிட்டாள். இந்த மழைக்கு, ஈரத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு காலியான போர்ச்சில் ரொம்ப நேரம் நின்றாள்.

"நல்லா ராசியான வண்டி. எதைப் போட்டாலும் காயும்" என்றாள்.

நான் ஒன்றே ஒன்று சொல்லிக்கொள்கிறேன். சாலை பஜாரில் என்னைவிடப் பணக்காரர்கள் இருக்கிறார்கள், படித்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் பட்டாபட்டியைக் காட்டிப் புது எஞ்சின் வாங்கியவன் இந்த ஊரில் நான் ஒருத்தன்தான். இது தள்ளு இல்லை. படம் இருக்கிறது.