சர்வேயரும் மாடிப்படி ரூட்டரும்

"மாடிப்படி அடியில் உள்ள பெட்டியை நேற்று மாலை 4.10 மணிக்கு மேல் யாரோ வடகிழக்காக ஒன்றரை அங்குலம் நகர்த்தியிருக்கிறார்கள். யார் என்று தெரியும். சொல்ல விருப்பமில்லை. இனி நடக்கக் கூடாது."

இப்படி ஒரு துண்டுச்சீட்டு என் நாட்குறிப்புக்குள் இருக்கிறது. பச்சை மை. கையெழுத்து இல்லை, தேவையும் இல்லை. எங்கள் காம்பவுண்டில் வடகிழக்கையும் ஒன்றரை அங்குலத்தையும் ஒரே வாக்கியத்தில் எழுதக்கூடியவர் ஒருவர்தான். நில அளவைத் துறையில் ஓய்வு பெற்றவர். பெயர் ஒன்று இருந்திருக்கும். பால்காரர் முதல் ஓனர் வரை எல்லோருக்கும் அவர் சர்வேயர்.

நான் விதவிதமான மனிதர்களைப் பார்த்திருக்கிறேன், அதைவிட அதிகமாகப் புத்தகங்களில் படித்திருக்கிறேன். ஆனால் ஒரு ரூட்டரை ஒரு நாள்கூட நிம்மதியாக இருக்கவிடாத மனிதர் அவரைப்போல் இன்னொருவர் இந்தப் பூமியில் இல்லை என்று எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன்.

செங்கம் சாலையிலிருந்து பிரியும் தெருவில், ஆறு குடித்தனம் இருக்கும் காம்பவுண்டு எங்களுடையது. கிரிவலப் பாதை கூப்பிடு தூரம். ஆறு வீட்டுக்கும் சேர்த்து ஓனர் ஒரே பிராட்பேண்ட் இணைப்பு கொடுத்து, ரூட்டரை மாடிப்படிக்கு அடியில் ஓர் ஆணியில் மாட்டிவிட்டுப் போனார். அதற்கு எதிர்க்கதவு சர்வேயருடையது. கவனித்துக்கொள்ளும்படி அவரிடம் யாரும் சொல்லவில்லை. கவனிக்காதீர்கள் என்று சொல்லவும் யாருக்கும் தைரியம் வரவில்லை.

முதல் ஞாயிற்றுக்கிழமையே டேப், கிராஃப் தாள், கைபேசி சகிதம் என் வீட்டுக்குள் வந்துவிட்டார். அறைக்கு அறை நின்று வேகத்தைச் சோதித்து, தாளில் புள்ளி வைத்துக்கொண்டே போனார். படுக்கையறை வாசலில் நின்று நெற்றியைச் சுருக்கினார்.

"சார், இந்த பீரோ எத்தினி வருஷமா இங்க இருக்குது?"

"கல்யாணத்துல இருந்து."

"அதான். இரும்பு. சிக்னல் வந்து இதுல முட்டிகினு நிக்குது. இந்தப் பக்கம் ஜாஸ்தி, அந்தப் பக்கம் கம்மி. பீரோவ நவுத்துங்க, இல்லாட்டி நீங்க நவுருங்க."

பீரோ நகர்ந்தது. இரண்டு நாள் எனக்கு முதுகு வலி. வேகம் கூடியது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அதுதான் அவரிடம் இருந்த தொல்லை. பத்தில் ஏழு தடவை அவர் சொல்வது சரியாக இருக்கும். மீதி மூன்றைத்தான் தாங்க முடியாது.

ஜெயந்தி அக்கா விவகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கீழ்வீட்டு ஜெயந்தி அக்கா மைக்ரோவேவ் அடுப்பில் எதையாவது சூடு பண்ணும்போதெல்லாம் வேகம் விழுவதைச் சர்வேயர் பதினோரு நாள் குறிப்பெடுத்துக் கண்டுபிடித்தார். இரண்டும் ஒரே அலைவரிசையில் ஓடுகின்றன என்று பிறகு நானும் படித்துத் தெரிந்துகொண்டேன். கண்டுபிடித்ததோடு நின்றிருக்கலாம். நேராகப் போய்க் கதவைத் தட்டினார்.

"ஏம்மா, நேத்து ஒண்ணே கால் மணிக்கு இன்னா சுட வச்சீங்க?"

"சாம்பாரு. ஏன் சார், வேணுமா?"

"மூணு நிமிஷம் ஓடுச்சு. சாம்பாருக்கு எதுக்கும்மா மூணு நிமிஷம்? ஒண்ணரை போதும்."

"உப்பு எவ்ளோ போடணும்னும் நீங்களே சொல்லிடுங்க சார்!" என்று கதவு சாத்தப்பட்டது. மறுநாள் சுவரில் பச்சை மையில் ஒரு கால அட்டவணை: உணவு சூடு செய்ய உகந்த நேரம்.

புகார் எண்ணுக்கு அவர் பேசுவதைக் கேட்க நான் வேலையைப் போட்டுவிட்டு வருவேன்.

"லைட்டு இன்னா கலரா? எந்த லைட்டும்மா? மூணாவதா, நாலாவதா? மூணாவது பச்சை. நிமிஷத்துக்கு இருபத்திரெண்டு தரம் கண்ணடிக்குது. காலைல பதினெட்டுதான். இடைல நாலு எப்படி ஜாஸ்தி ஆச்சு? அத்த மொதல்ல சொல்லு... ஹலோ? ஹலோ?"

பௌர்ணமி வந்தால் மனிதருக்கு இருப்புக்கொள்ளாது. கிரிவலம் வருகிற கூட்டம் அத்தனையும் கைபேசியை எடுக்க, ஊரில் மொபைல் டேட்டா படுத்துவிடும். வீட்டு இணைப்புதான் கதி. அந்த நேரம் பார்த்து எங்கள் மதில் ஓரம் நாலைந்து பேர் உட்கார்ந்திருப்பார்கள்.

"கால் வலிக்குதுனு உக்காந்துகிறாங்கனு நெனச்சேன் சார். இல்ல. நம்ம நெட்டுக்கு உக்காந்துகிறாங்க!"

ஆகவே மாதாமாதம் பாஸ்வேர்ட் மாறும். பட்டா எண், உட்பிரிவு, சாய்வுக்கோடு, நடுவில் ஒரு பெரிய எழுத்து என்று அது ஒரு முழு நில ஆவணம்போல் இருக்கும். குடியிருக்கும் நாங்களே அவர் வாசலில் மனுதாரர்களைப்போல் நிற்போம்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற சமாசாரம். செல்வி விஷயம் அப்படியல்ல.

செல்வி என் வீட்டுக்கு மேலே குடியிருந்த நர்ஸ். ஊரிலேயே ஒரு தனியார் மருத்துவமனையில் ஆறு வருஷம். வெளிநாட்டு மருத்துவமனை ஒன்றுக்கு விண்ணப்பித்து, எழுத்துத் தேர்வும் தேறி, வீடியோ நேர்காணல் வரை வந்துவிட்டார். நேர்காணல் காலை பதினொரு மணிக்கு. அந்த மாதம்தான் சர்வேயர், பெட்டிக்கும் ஓய்வு வேண்டும் என்று முடிவு செய்து, தினமும் பதினொன்று ஐந்துக்கு அணைத்துப் போடும் திட்டத்தை அமலுக்குக் கொண்டுவந்திருந்தார். சுவரில் சீட்டு ஒட்டித்தான் இருந்தது. இரவு வேலை முடித்து வந்த செல்வி அதைப் பார்க்கவில்லை. பதினொன்று ஐந்துக்குத் திரை கறுத்தது. சர்வேயர் சாவகாசமாக மறுபடி போட்டு விளக்குகள் எல்லாம் எரிந்தபோது, எதிர்முனை அடுத்த ஆளைக் கூப்பிட்டிருந்தது.

செல்வி கத்தவில்லை. இறங்கி வந்து, "ஏன் சார்?" என்று மட்டும் கேட்டுவிட்டு மேலே போனார். அதன் பிறகு அவர் படியிறங்கும் சத்தம் கேட்டாலே சர்வேயர் வீட்டுக்குள் போய்த் தாழ் போட்டுக்கொள்வார். ஓய்வுத் திட்டம் அன்றே கைவிடப்பட்டது. பிராயச்சித்தமாக எங்கிருந்தோ பழைய ரூட்டர்கள் நாலு வாங்கி வந்து, சிக்னலைத் தாண்டவைக்கிறேன் என்று மாடிப்படி, மொட்டைமாடி, தண்ணீர்த் தொட்டி ஓரம் எல்லாம் மாட்டினார். நெட் இன்னும் மோசமாயிற்று. நாங்கள் பயந்துகொண்டு சும்மா இருந்தோம்.

அந்த மருத்துவமனை நல்ல மனசு பண்ணி இன்னொரு வாய்ப்பு கொடுத்தது. இதுவே கடைசி என்றும் எழுதியிருந்தது. மாலை நான்கு மணி. நாள்காட்டியைப் பார்த்தேன். பௌர்ணமி.

மூன்று மணிக்குச் செல்வி சோதித்துப் பார்த்தார். எதிரே பேசிய தோழியின் முகம் வாய் திறந்தபடி நின்றுவிட்டது. மொபைல் டேட்டா அறவே இல்லை. வேறு இடம் போகலாம் என்றால் சாலை முழுக்கத் தலைகள், ஆட்டோ ஓடவில்லை. செல்வி படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். அப்போது எதிர்க்கதவின் தாழ் திறந்தது.

சர்வேயர் யாரையும் பார்க்கவில்லை. கைபேசியில் சுற்றுவட்டார வைஃபை பட்டியலை எடுத்தார். பக்கத்து லாட்ஜுகளும் விடுதிகளும் நிரம்பியிருந்தன. பட்டியல் விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது. பாதியில் அவர் விரல் நின்றது.

"இன்னா சார்?" என்றேன்.

"இதுல அஞ்சு நம்மளுது." பட்டியலை மறுபடி மேலிருந்து எண்ணினார். "எல்லாம் ஒரே சேனல்ல இருக்குது. ஒண்ணு பேசறப்ப ஒண்ணு குறுக்க பேசுது. இத்தினி நாளா கெடுத்தது நான்தான் சார்."

அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வாக்கியம் அதற்கு முன்னும் பின்னும் வந்ததாக என் குறிப்புகளில் இல்லை. தான் மாட்டிய நாலையும் தானே ஓடி ஓடிப் பிடுங்கினார். கொஞ்சம் தேறியது. லாட்ஜுகளை என்ன செய்வது?

"வயர்லெஸ்ஸே வாணாம்" என்று உள்ளே போய் நீளமான கேபிள் ஒன்றைக் கொண்டுவந்தார். ஒரு முனை ரூட்டரில், மறுமுனை மாடியில் செல்வியின் மடிக்கணினியில். படம் கண்ணாடிபோல் வந்தது. பிறகு போனது. ரூட்டர் பக்கத்து முனையில் பிளாஸ்டிக் கொக்கி உடைந்திருந்தது. கையை எடுத்தால் கழன்று விழும். புதிது வாங்கக் கடைக்குப் போக வழியில்லை. ரூட்டரைக் கீழே இறக்கலாம் என்றால், அந்தத் துண்டுச்சீட்டுக்குப் பிறகு அவரே அளந்து அளந்து ஏழடி உயரத்தில் நாலு திருகாணி போட்டு முடுக்கியிருந்தார்.

மூன்று ஐம்பத்தைந்து. சர்வேயர் ஒரு பிளாஸ்டிக் முக்காலியை இழுத்துப் போட்டு ஏறினார். கட்டைவிரலால் முனையை அழுத்திப் பிடித்தார்.

"செல்விம்மா, மேல போ. தெகிரியமா பேசு."

"சார், எவ்ளோ நேரம் ஆவும்னு தெரியாது சார்."

"நீ போம்மா. நான் எங்க போவப் போறேன்?"

கேபிள் குறுக்கே கிடந்ததால் செல்வியின் கதவைச் சாத்த முடியவில்லை. யாரும் தடுக்கி விழாமல் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. படிக்கட்டின் பாதியில் நின்றேன். மேலேயிருந்து செல்வியின் ஆங்கிலம் நன்றாகக் கேட்டது. கீழே முக்காலியும் அதன்மேல் இரண்டு கால்களும் தெரிந்தன. ஓர் இடத்தில் ஒரு நிமிஷம் நிற்காத கால்கள். கால் மணி, அரை மணி, அசையவில்லை.

நாலு முப்பத்தொன்றுக்கு அந்தக் கேள்வி வந்தது. ஆறு வருஷம் இருந்த இடத்தை ஏன் விடுகிறீர்கள்? செல்வி "பிகாஸ்" என்றார். நிறுத்தினார். மறுபடி "பிகாஸ்" என்றார். அந்த உள்ளூர் மருத்துவமனையில் அவர் பட்டதெல்லாம் எனக்குத் தெரியும். அதையெல்லாம் இங்கே கொட்டிவிட்டால் இந்த வேலையும் போய்விடும். மூன்றாவது "பிகாஸ்" அழுகைக்குப் பக்கத்தில் இருந்தது.

இணைப்பு போயிற்று.

என் கைக்கடிகாரத்தில் இருபது விநாடி. மாடியில் செல்வி தண்ணீர் குடித்து, மூக்கை உறிஞ்சிக்கொள்ளும் சத்தம். பிறகு எதிர்முனைக் குரல், தடங்கலுக்கு வருந்துவதாகச் சொல்லி, கேள்வியை முதலிலிருந்து கேட்டது. இந்த முறை செல்வி ஒரே மூச்சில், தெளிவாக, யாரையும் குறை சொல்லாமல் பதில் சொன்னார்.

வேலை கிடைத்தது. போகும் நாளில் செல்வி சர்வேயரின் காலில் விழுந்தார். "அந்த இருபது செகண்டுதான் சார் காப்பாத்துச்சு" என்றார் என்னிடம். அன்றைக்கே சர்வேயரிடம் கேட்டேன்.

"கை மரத்துப் போச்சு சார். நழுவிடுச்சு."

"மூணாவது பிகாஸ்லயா?"

"எனக்கு இங்கிலீசு அவ்ளோ வராது சார்" என்று சொல்லிவிட்டு, மூன்றாவது விளக்கை எண்ணப் போய்விட்டார்.

நான் நின்ற படியிலிருந்து கால்கள்தான் தெரிந்தன, கை தெரியவில்லை. சர்வேயர் இப்போது ஆரணியில் மகள் வீட்டில் இருக்கிறார். அந்தத் தெருவே அவரால் தவிக்கிறது என்று கேள்வி. இதுவரை மூன்று முறை போய்ப் பார்த்துவிட்டேன். கை நழுவியதா, அவரே எடுத்தாரா என்பது என் குறிப்பில் இன்னும் "உறுதி செய்யப்படவில்லை" என்றுதான் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் அதைக் கேட்கத்தான் பஸ் ஏறுகிறேன். அவரைப் பார்த்ததும் கேட்கத் தோன்றுவதில்லை.