அறுபதாவது சீட்டு

அன்பிற்குரிய மைத்துனருக்கு,

உங்கள் அத்தான் எழுதிக்கொள்வது. நானும் உங்கள் அக்காளும் நலமாக இருக்கிறோம். என் முழங்கால் மட்டும் நேற்றிலிருந்து மாற்றுக் கருத்து தெரிவித்து வருகிறது. அங்கே அனைவரும் நலம் என்று நம்பித்தான் அடுத்த வரிக்குப் போகிறேன், ஏனென்றால் அடுத்த வரி நல்ல செய்தி அல்ல. மந்திர மிருகங்களைச் சீட்டாக இறக்கி மோதவிடும் நம் ஆட்டத்தின் ஞாயிற்றுக்கிழமைப் போட்டியில், மூன்று பேர் கொண்ட நம் அணியில் எனக்கு ஒதுக்கிய இடத்தைத் தயவுசெய்து எங்கள் தெருத் தையல்காரருக்குக் கொடுத்துவிடுங்கள்.

காரணத்தை முறையாகச் சொல்கிறேன். நான் ஆடுவதற்குப் பொறுக்கிச் சேர்க்கும் அறுபது சீட்டுகளின் பட்டியல் வெள்ளிக்கிழமைக்குள் உங்கள் கையில் இருக்க வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். ஐம்பத்தொன்பது முடிந்துவிட்டது. நீங்கள் எனக்குத் தேர்ந்து கொடுத்தது கண்ட்ரோல் டெக் எனும் வகைச் சீட்டுக்கட்டு. அதாவது நாமாகப் பாய்ந்து அடிக்காமல், எதிராளி வைக்கிற ஒவ்வொன்றையும் தடுத்து, துடைத்து, அவர் சலித்துப்போன பிறகு மெதுவாக வெல்வது. "அத்தான், உங்க சுபாவத்துக்கு இதுதான் சரி" என்று தொலைபேசியில் சொன்னீர்கள். அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன். ஆனால் முப்பத்துநான்கு ஆண்டுகள் மருத்துவமனை மருந்துக்கிடங்கைப் பார்த்துக்கொண்டவன் நான். என்றைக்காவது தேவைப்படும் என்று தோன்றுவதையெல்லாம் வாங்கி அடுக்குவது கையில் ஊறிப்போன பழக்கம். பறப்பவற்றை மட்டும் வீழ்த்தும் சீட்டு இரண்டு, செத்து எழுந்து வருபவற்றை மட்டும் தடுப்பது மூன்று, கவசத்தை மட்டும் உடைப்பது இரண்டு என்று சேர்த்திருந்தேன். சீட்டுக்கடையின் பின்னறையில், முதல் ஆட்டத்திலேயே, தையல்காரர் பறக்காத, சாகாத, கவசம் அணியாத நான்கு நாய்களை இறக்கி என்னைக் கடித்து முடித்தார். என் கையில் ஏழு மருந்து இருந்தது. நாய்க்கடிக்கு மட்டும் இல்லை.

எவர் எதிரே உட்கார்ந்தாலும் உதவுகிற சீட்டாகப் பாருங்கள் என்று நீங்கள் எழுதியது அதற்குப் பிறகுதான். உடனே ஒரு பதிவேடு போட்டேன். இடப்பக்கம் முப்பது சீட்டுகள், மேலே பன்னிரண்டு வகை எதிராளிகள், கட்டத்துக்குக் கட்டம் மதிப்பெண். பழைய ஏழில் ஆறுக்கு மாற்று கிடைத்துவிட்டது. ஏழாவதுக்கு ஒரு சீட்டு நூற்றுக்கு நூறு வாங்கியது. அதற்கு இரண்டு வேலை: எதிராளி இப்போது வைப்பதை வேண்டாம் என்று தடுக்கலாம், அல்லது தடுக்காமல் நமக்கு இரண்டு புதுச் சீட்டு எடுத்துக்கொள்ளலாம். எந்த ஆட்டத்திலும் வீணாகாது. கிடங்குக்காரனுக்கு இதைவிட என்ன வேண்டும்? உங்கள் அக்காளிடம் உங்கள் பழைய டெக்கைக் கொடுத்து, சாப்பாட்டு மேசையில் ஒன்பது நாளில் நாற்பது ஆட்டம் சோதித்தேன். அவள் ஒன்றை வைப்பாள். தடுக்கலாமா? இதைவிடப் பெரியது பின்னால் வந்தால்? சரி, இரண்டு சீட்டு எடுத்துக்கொள்ளலாமா? எடுத்துவிட்டால் தடுக்க எதுவும் இருக்காதே?

"என்னங்க, தடுக்கிறீங்களா இல்லையா?"

"ஒரு நிமிஷம்."

"இப்படி ஒரு நிமிஷம்னு சொல்லித்தான் அன்னிக்கு பஸ்ஸையும் விட்டீங்க."

அந்தச் சீட்டு முப்பத்தொரு ஆட்டத்தில் என் கைக்கு வந்தது. இருபத்தாறில், நான் தோற்ற பிறகும் கையிலேயே இருந்தது. ஒரே வேலை செய்யும் சீட்டு நம்மிடம் எதுவும் கேட்பதில்லை. நேரம் வந்தால் போகும், வராவிட்டால் தூங்கும். இதுவோ ஒவ்வொரு முறையும் என் அபிப்பிராயத்தைக் கேட்கிறது. தையல்காரர் ஒருநாள், "ஐயா, அதைக் கீழ போடுங்க, அடைகாத்துக் குஞ்சா பொரிக்கப் போறீங்க?" என்றார். பின்னறை முழுவதும் சிரித்தது. நானும் ஒரு ஓரமாகச் சேர்ந்து சிரித்தேன்.

ஆகவே குறை சீட்டில் இல்லை, பிடித்திருக்கும் கையில் என்று முடிவு செய்திருக்கிறேன். இந்தப் போட்டிக்குத் தகுதி பெற நீங்கள் ஆறு வருடம் காத்திருந்தீர்கள். மூன்றாவது பெயர் வராவிட்டால் அணியையே நீக்கிவிடுவார்கள் என்பதும் தெரியும். தையல்காரர் யோசிக்கிற மனிதர் அல்ல. நாயை அவிழ்த்து விட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொள்வார். அதுவே நமக்கு நல்லது. இதில் எனக்கு வருத்தம் ஏதும் இல்லை. இருக்கிறதா என்று இரண்டு முறை தேடிப் பார்த்தேன், கொஞ்சம்தான் கிடைத்தது.

உங்கள் வீட்டில் எல்லோரிடமும் என் விசாரிப்பைச் சொல்லுங்கள். உங்களுக்கு நல்ல சீட்டாக விழட்டும், நல்ல நேரத்தில் விழட்டும் என்று வாழ்த்தும்,
உங்கள் அத்தான்.

பின்குறிப்பு: மேலே எழுதிய எதையும் பொருட்படுத்த வேண்டாம். விஷயத்தைச் சொல்வதற்காகத் தையல்காரரை இன்று மாலை வீட்டுக்கு வரச் சொல்லியிருந்தேன். நான் தேநீர் போட்டு வருவதற்குள், சும்மா இருப்பானேன் என்று உங்கள் அக்காள் என் டெக்கை எடுத்துக்கொண்டு அவரோடு உட்கார்ந்துவிட்டாள். மூன்று ஆட்டம், மூன்றிலும் வென்றாள். "அக்கா, ஒரு நாயையாவது உள்ள விடுங்க" என்று அவர் கெஞ்சுவது அடுப்படி வரை கேட்டது. "வேண்டாம்" என்பதும் கேட்டது. அந்த இரண்டு வேலைச் சீட்டை எப்போது எதற்குப் பயன்படுத்துவது என்று எப்படித் தெரிகிறது என அவளிடம் கேட்டேன். "இதுல தெரிய என்னங்க இருக்கு? முதல்ல வேண்டாம்னு சொல்லிடணும். யோசனையெல்லாம் அப்புறம்" என்றாள். பட்டியலில் அறுபதாவதாக அந்தச் சீட்டையே எழுதி, அணியின் மூன்றாவது இடத்தில் தன் பெயரையும் எழுதிவிட்டாள். இதோடு இணைத்திருக்கிறேன். தையல்காரர் தேநீர் குடிக்காமலே போய்விட்டார்.

கையில் பேனாவோடு அவள் பின்னாலேயே அடுப்படிக்குப் போனேன். பிறகு தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, முதல் சுற்றை மட்டுமாவது நான் ஆடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள். அவள் இன்னும் யோசிக்கத் தொடங்கவில்லை.