நாலு நிமிடப் பயிற்சியை நிறுத்தக் கோரி மைத்துனருக்கு

அன்புள்ள மைத்துனருக்கு,

இங்கு நாங்கள் மூவரும் நலம். என் இடுப்பு மட்டும் இந்தக் கணக்கில் சேராது. அங்கு நீங்களும் உங்கள் பள்ளி மைதானமும் நலமென நம்புகிறேன்.

நிற்க. உட்கார முடியாததால் நானும் நின்றுகொண்டேதான் எழுதுகிறேன்.

பதினாலு வயதில் உங்கள் அக்கா மகளுக்கு இருபது படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, பள்ளியில் பந்து விளையாட்டு என்றால் அவளை ஓரமாக உட்காரவைத்து ஸ்கோர் எழுதச் சொல்கிறார்கள், வீட்டுக்கு வந்து தலையணையில் முகம் புதைத்து அழுகிறாள் என்று உங்கள் அக்கா போனில் புலம்பியதும், விளையாட்டு ஆசிரியரான நீங்கள், "மணிக்கணக்கா ஓட வேணாம்க்கா. உடம்பைச் சூடு பண்ணிட்டு நாலே நிமிஷம். இருபது செகண்ட் முழு மூச்சா குதிக்கணும், பத்து செகண்ட் ஓய்வு, எட்டு தடவை. வாரத்துக்கு மூணு நாள் போதும்" என்றீர்கள். நாலு நிமிடம்தானே என்று நானும் தலையாட்டினேன். வினை அங்கேதான் தொடங்கியது.

நாங்கள் இருப்பது ஐந்தாம் மாடி. நான்காம் மாடியில் பல் மருத்துவர். முதல் நாள் மூன்றாவது சுற்றிலேயே கதவைத் தட்டினார். கையுறையும் முகமூடியுமாக நிற்கிறார். "சார், கீழ ஒருத்தர் வாயைத் திறந்துக்கிட்டு உக்காந்திருக்காரு. உங்க பொண்ணு குதிக்கிறப்ப என் கையில இருக்கிற ஊசி ஈறுக்குப் போகுதா மூக்குக்குப் போகுதான்னு எனக்கே தெரியல." அவர் கிளினிக் திறக்கும் ஐந்தரை மணிக்குள் முடித்துவிடுவதாக உடன்பாடு ஆயிற்று. ஐந்தேகாலுக்குத்தான் நான் ஆபீஸிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுவேன். சோபாவைச் சுவரோடு தள்ளிவிட்டதால் சாய இடமில்லாமல் நின்றவனைப் பார்த்து, "தனியா குதிக்க வெக்கமா இருக்குப்பா, நீயும் வாயேன்" என்றாள் மகள். பெற்ற பாசம் கண்ணை மறைத்தது. முதல் சுற்றில் சட்டைப் பொத்தான் பறந்தது. இரண்டாவதில் முழங்கால் என்னைக் கேட்காமலே மடங்கியது. மூன்றாவதில் குனிந்தவன் குனிந்தபடியே நின்றுவிட்டேன். "அப்பா, இது ஓய்வு நேரமில்ல!" என்கிறாள். உங்கள் அக்கா ஓடிப்போய் அந்த மருத்துவரையே கூட்டிவந்தாள். அவர் என்னை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "என் படிப்பு பல்லோட முடிஞ்சுபோச்சு சார். வேணும்னா வாயைத் திறங்க, பாக்கிறேன்" என்றார். திறந்தேன். கடைவாயில் இரண்டு சொத்தையாம்.

இப்போது அவளுடைய வகுப்புத் தோழிகள் நாலு பேரும் வருகிறார்கள். ஐவரும் சேர்ந்து குதித்ததில் சுவர்க் கடிகாரம் ஆணியோடு இறங்கிவிட்டது. நான் சொன்னால் எடுபடாது. மாமா சொல்தான் வேதவாக்கு. ஆகவே, "இனிமேல் நடந்தாலே போதும்" என்று அவளுக்கு நாலு வரி எழுதிப் போடவும்.

உங்கள் வீட்டில் எல்லோரும் நோய்நொடியின்றி, நிமிர்ந்த முதுகோடு, நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
உங்கள் அத்தான்

பின்குறிப்பு: கடிதத்தைத் தபாலில் போடாமல் ஒரு வாரம் பையிலேயே வைத்திருந்துவிட்டேன். இதற்கிடையில் இடுப்பு சரியாகிவிட்டது, லிஃப்ட் கெட்டுவிட்டது. இன்று கடைக்குப் போய்த் திரும்பியவன் படிக்கட்டில் பைகளோடு உட்கார்ந்துவிட்டேன். பின்னால் வந்த மகள் இரண்டு பையையும் பிடுங்கிக்கொண்டு மேலே ஓடினாள். வைத்துவிட்டு மறுபடி இறங்கி வந்தாள். மூச்சு வாங்கவில்லை. என் மணிக்கட்டில் விரலை வைத்துத் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்து நாடியை எண்ணினாள். "எந்திரிக்காத. இன்னும் ரெண்டு நிமிஷம் உக்காரு" என்று அதட்டினாள். உட்கார்ந்தேன். எனக்குக் கண் கலங்கியதை வியர்வை என்று நினைத்துத் துடைத்தும் விட்டாள்.

ஆகவே மேலே எழுதியது எதையும் பொருட்படுத்த வேண்டாம். அவளை நிறுத்தச் சொல்லிவிடாதீர்கள். ஒன்று மட்டும்: நான் உட்கார்ந்தது நான்காம் மாடியில் என்று உங்கள் அக்காவிடம் சொல்லியிருக்கிறேன். உண்மையில் அது முதல் மாடி. மகள் இதுவரை காட்டிக்கொடுக்கவில்லை, நீங்களும் காட்டிக்கொடுக்காதீர்கள்.