திரையில் ஒரு பீரோ

அந்த அலுவலகத்தின் ஒரே கணினி, அங்கே வேலை பார்த்த பாதிப் பேரைவிட சர்வீசில் மூத்தது. அதை இயக்கியவரை எல்லோரும் மவுஸ்காரர் என்று அழைத்தார்கள். அவர் மனைவிக்கு வேறோர் ஊரில் ஆசிரியை வேலை. அங்கே மாற்றல் கேட்டு மவுஸ்காரர் போட்ட விண்ணப்பம் மேலே போயிருப்பதாகச் சொன்னார்கள். எவ்வளவு மேலே என்று யாரும் சொல்லவில்லை.

புதிதாகப் பொறுப்பேற்ற இணை இயக்குநர் முதல் நாளே திரையைப் பார்த்துத் திடுக்கிட்டார்.

“என்னய்யா இது? ஆபீஸ் கம்ப்யூட்டர் முகத்துலேயே குப்பைத்தொட்டி?”

“வேண்டாத ஃபைலைப் போடறதுக்குங்க ஐயா.”

“ஆபீஸ்ல வேண்டாத ஃபைல்னு ஒண்ணு உண்டா? ஜனங்க பார்த்தா என்ன நினைப்பாங்க? கௌரவமா ஒரு படத்தைப் போடு.”

பழைய இயங்குதளத்தில் அந்த வசதி இருந்தது. எந்தச் சின்னத்துக்கும் எந்தப் படத்தையும் மாட்டலாம். மவுஸ்காரருக்கு ஓவியத்தில் தீராத ஆசை. புள்ளி புள்ளியாக வைத்து ஓர் இரும்பு பீரோ வரைந்தார். கைப்பிடி, சாவித்துவாரம், பாதி திறந்த கதவு எல்லாம் தத்ரூபம். குப்பைத்தொட்டியின் படத்தை எடுத்துவிட்டு அதை மாட்டி, கீழே ‘பீரோ’ என்று பெயரும் போட்டார்.

இணை இயக்குநர் உருகிப் போனார். “இனிமே முக்கியமான ஃபைலெல்லாம் இதுக்குள்ளதான்.”

“ஐயா, படம்தாங்க மாறியிருக்கு. உள்ளே அது இன்னும்...”

“என் அறை வாசல்ல பலகையை மாத்தினாங்க, நான் இணை இயக்குநர் ஆயிட்டேன். உள்ளே என்ன மாறிச்சுன்னு யாராவது கேட்டாங்களா?”

அடுத்து மணல் கடிகாரம் மாட்டிக்கொண்டது. கணினி யோசிக்கும்போதெல்லாம் திரையில் அது தோன்றுவது, அலுவலகத்தில் தாமதம் நடப்பதாகப் பொய்த் தோற்றம் தருகிறது என்று சுற்றறிக்கை வந்தது. அந்த இடத்தில் பாய்ந்தோடும் குதிரையை வரைந்தார் மவுஸ்காரர். அன்று முதல் கணினி எவ்வளவு நேரம் நின்றாலும் ஊழியர்கள் அதன் வேகத்தை வியந்தபடி உட்கார்ந்திருந்தார்கள்.

பீரோ நிரம்பியது. காகித ஃபைல்களை ஏற்கெனவே கணினியில் ஏற்றிவிட்டு எரித்திருந்தார்கள். ஒரு நாள் திரையில் ஒரு கேள்வி எழுந்தது: ‘இவை அனைத்தும் நிரந்தரமாக நீக்கப்படும். சரியா?’

“நிரந்தரமாம்!” என்றார் இணை இயக்குநர், குரல் தழுதழுக்க. “அந்த ஒரு வார்த்தைக்கு இங்கே எத்தனை தற்காலிக ஊழியர் தவம் கிடக்கறாங்க தெரியுமா?” பாய்ந்து ‘சரி’யை அழுத்தினார்.

நிலுவைக் கோப்புகள்: பூஜ்யம்.

உண்மையைச் சொல்லிவிடத்தான் மவுஸ்காரர் தலைமையகத்துக்குப் புறப்பட்டார். அதற்குள் தலைமையகமே வந்துவிட்டது. துறையின் சரித்திரத்திலேயே நிலுவை இல்லாத முதல் அலுவலகம் என்று விருது கொடுத்தார்கள். மவுஸ்காரருக்குச் ‘சின்னச் செம்மல்’ பட்டம். கைதட்டல் ஓயாமல் கேட்டது. அந்தச் சத்தத்தில் உண்மையைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

பீரோவின் புகழ் ஊருக்குள் பரவியது. அதில் வைத்த ஃபைல் அப்புறம் நிலுவையிலேயே இருக்காது என்று பேசிக்கொண்டார்கள். அது பொய்யும் அல்ல. ஃபைல்கள் வழக்கமான இடத்தில் தூங்கிய காலத்திலும் ஜனங்களுக்குப் பதில் வந்ததில்லை என்பதால், இப்போது வராதது யாருக்கும் உறைக்கவில்லை. செல்வாக்கு உள்ளவர்கள் சிபாரிசோடு வந்து தங்கள் மனுக்களை பீரோவில் சேர்த்தார்கள். இல்லாதவர்களின் மனுக்கள் வெளியே அநாதையாகக் கிடந்தன. அவற்றில் சிலவற்றுக்கு, வேறு வேலை இல்லாத காரணத்தால், ஊழியர்கள் உத்தரவும் போட்டுத் தொலைத்தார்கள்.

ஒரு மத்தியானம் மவுஸ்காரரின் மனைவி போன் செய்தாள்.

“ஏங்க, நல்ல சேதி! உங்க மாற்றல் ஃபைல் உங்க ஆபீஸுக்கே திரும்பி வந்திருக்காம். ஒரு கையெழுத்துதான் பாக்கியாம்.”

மவுஸ்காரருக்குக் கண் கலங்கியது. “நிஜமாவா? உனக்கு யார் சொன்னா?”

“சித்தப்பாதான். நான் சும்மா இருப்பேனா? அவருக்குத் தெரிஞ்சவர் மூலமா உங்க இணை இயக்குநர்கிட்டயே பேசச் சொல்லிட்டேன். இன்னைக்குக் காலைல அவர் கையாலேயே அதை பீரோவுல வச்சுட்டாராம்!”

மவுஸ்காரர் பாய்ந்து திரையைப் பார்த்தார். ‘சரி’ அழுத்தப்பட்டு பீரோ காலியாக இருந்தது.

“அய்யோ, அது பீரோ இல்ல. குப்பைத்தொட்டி.” முதன்முறையாக அவர் அதை வாய்விட்டுச் சொன்னார்.

“இங்க வந்து என்கூட இருக்க இஷ்டமில்லைன்னா நேரா சொல்லுங்க. எதுக்கு இப்படியெல்லாம் கதை கட்டறீங்க?” என்று சொல்லிவிட்டு அவள் போனை வைத்துவிட்டாள்.