குடிகார வண்டியில் பெண் பார்க்கப் போனேன்

நான் வாழ்நாளில் சாராயம் குடித்ததில்லை. சத்தியம் செய்து சொன்னாலும் வில்லியனூரில் இதை நம்ப ஆள் இல்லை. ஒரே ஒரு முறை வாய்க்குள் போனது உண்டு. அதையும் துப்பிவிட்டேன். எல்லாம் ஒரு காரால் வந்த வினை.

அப்போது பிரெஞ்சுக்காரன் ஆட்சி. எனக்கு இருபத்து நான்கு வயது. பாகூரில் எங்கள் நிலத்தில் நெல் விளைந்தது, கரும்பு விளைந்தது, எனக்குப் புத்திதான் விளையவில்லை. ஊருக்குக் கப்பலேறக் கிளம்பிய ஒரு பிரெஞ்சு டாக்டர் தன் பழைய பந்தயக் காரை வந்த விலைக்குத் தள்ளிவிட்டார். வாங்கிய இளிச்சவாயன் நான்தான். இரண்டே இருக்கை, நீண்ட மூக்கு, பார்க்க ராஜா மாதிரி இருக்கும். ஓடும்போதுதான் மானம் போகும். சந்தைக்குப் போகிற மாட்டுவண்டிக்காரர்கள் பின்னாலிருந்து வழி கேட்பார்கள்.

அந்தச் சமயத்தில்தான் வில்லியனூர் ருக்மணியைப் பேசி முடிக்க வீட்டில் ஏற்பாடு நடந்தது. (தேர்த் திருவிழாவில் அவளை ஒரு முறை பார்த்திருந்தேன். அந்த வருஷம் தேர் எந்தப் பக்கம் போனது என்று கேட்டால் எனக்குத் தெரியாது.) அவள் அப்பா கண்டிப்பானவர். அவருடைய அண்ணன் சாராயத்திலேயே நிலத்தையெல்லாம் கரைத்தவராம். அதனால் இரண்டே நிபந்தனை போட்டார். மாப்பிள்ளை குடிக்கக் கூடாது. வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகுகாலம் பிறப்பதற்குள் வீட்டு வாசலை மிதிக்க வேண்டும்.

காரிலேயே போய் இறங்கி அசத்த வேண்டும் என்று எனக்கு வெறி. புது எஞ்சின் வாங்க வக்கில்லை. கைச்செலவில்லாமல் வேகத்தைக் கூட்டும் வேலைகளில் இறங்கினேன். சைலன்சரைக் கழற்றி எறிந்தேன். வேகம் கூடியதோ இல்லையோ, எங்கள் மாடு இரண்டு நாள் பால் கறக்க விடவில்லை. கார்புரேட்டரில் பெட்ரோல் இறங்கும் துளையைக் கோணி ஊசியால் பெரிதாக்கினேன். பாரம் குறைய மட்கார்டு, கதவு, கடைசியில் பக்கத்து இருக்கை எல்லாம் போயின. அந்த இடத்தில் ஒரு வைக்கோல் மூட்டை.

அதோடு விட்டிருக்கலாம். டாக்டர் காரோடு கொடுத்த பிரெஞ்சுப் பத்திரிகையில் ‘பெட்ரோலில் அல்கோல் கலந்தால் எஞ்சின் பறக்கும்’ என்று இருந்தது. எனக்குத் தெரிந்த அரைகுறை பிரெஞ்சில், பாகூரில் கிடைக்கிற அல்கோல் ஒன்றுதான். மண்ணெண்ணெய் டின்னைத் தூக்கிக்கொண்டு சாராயக் கடைக்குப் போனேன். இரண்டு தரம் காய்ச்சிய கடுஞ்சரக்காக டின் நிறையக் கேட்டதும், கடைக்காரர் எழுந்து நின்று வீட்டில் இன்னா விசேஷம் என்று விசாரித்தார்.

உண்மையைச் சொல்ல வேண்டும், பெட்ரோலில் கலந்து ஊற்றியதும் வண்டி பறந்தது. வெள்ளிக்கிழமை காலை என் பெரியப்பா கோட்டும் தலைப்பாகையுமாக வைக்கோல் மூட்டையில் ஏறி உட்கார்ந்தார். சம்பந்தம் பேச வேண்டியவர் அவர்தான். ஒரு கையால் தலைப்பாகையையும் மறு கையால் என் தோளையும் பிடித்துக்கொண்டு, அதிசயமாக, திட்டாமல் வந்தார்.

நான் மறந்த விஷயம் ஒன்று உண்டு. பாகூரிலிருந்து வில்லியனூர் போக, நடுவில் கொஞ்ச தூரம் இங்கிலீஷ்காரன் எல்லைக்குள் புகுந்து வெளியே வர வேண்டும். பிரெஞ்சுச் சாராயம் அங்கே ஒரு சொட்டு நுழையக் கூடாது.

சுங்கச் சாவடியில் வண்டி நின்றதும் வாசனை எங்களுக்கு முன்னால் இறங்கிப் போய்விட்டது. சேவகர் எங்கள் இருவர் வாயையும் மோந்து பார்த்தார். பிறகு பெட்ரோல் தொட்டியில் குச்சி விட்டு எடுத்து மோந்தார். அவர் முகத்தில் அப்படியொரு மரியாதை.

“இன்னாபா, தொட்டி பூரா சரக்கா?”

“வண்டி குடிக்கத்தாங்க, மனுஷன் குடிக்க இல்ல” என்றேன்.

“இந்தப் பக்கம் வர்றவன் எவனும் தனக்குன்னு சொன்னதே இல்லபா” என்றார் அவர்.

எல்லாவற்றையும் கீழே ஊற்றினால்தான் விடுவேன் என்றுவிட்டார். ரப்பர் குழாயைத் தொட்டியில் விட்டு, வாயால் உறிஞ்சி எடுக்க வேண்டியவன் நான். ஒரு வாய் உள்ளே வந்தது. துப்பினேன். மிச்சம் பட்டுச் சட்டையில் வழிந்தது.

அப்புறம் என்ன, வில்லியனூர் போகிற கரும்பு வண்டி ஒன்றின் பின்னால் காரைக் கட்டினோம். எத்தனையோ குதிரைச் சக்தி என்று பீற்றிக்கொண்ட கார் இரண்டு மாட்டுச் சக்தியில் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று. வாசலில் நின்றிருந்த பெண்ணின் அப்பா முதலில் கடிகாரத்தைப் பார்த்தார். அடுத்து மூக்கைப் பொத்தினார்.

“மாப்ள குடிப்பாரா?”

பெரியப்பா பதறிப்போய், “சேச்சே, எங்க புள்ள தொடாது. வண்டிதான் குடிக்கும்” என்றார்.

பெண்ணின் அப்பா முகம் கறுத்துவிட்டது. இதைவிட நல்ல பொய்யாகச் சொல்லியிருக்கலாமே என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தப் போனார். வேறு வழியில்லாமல் கோணி ஊசி முதல் சுங்கச் சாவடி வரை ஒன்று விடாமல் ஒப்பித்தேன். அத்தனை சாராயத்தையும் மண்ணில் ஊற்றியதைச் சொன்னபோது உள்ளேயிருந்து ஒரு சிரிப்பு கேட்டது. ருக்மணி கதவுக்குப் பின்னாலிருந்தே பேசினாள்.

“யப்பா, நெலத்தையெல்லாம் குடிச்ச நம்ம பெரியப்பா என்னைக்காவது ஒரு சொட்டு மண்ணுல ஊத்திக்கீறாரா? இது குடிகாரன் இல்லப்பா. வெறும் அசடு.”

அவர் என் நனைந்த சட்டையை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு கதவைத் திறந்துவிட்டு, ராகுகாலம் முடிந்து பேசலாம், அதுவரை கிணற்றடியில் போய்க் குளியுங்கள் என்றார். இப்படியாக, அசடு என்ற ஒரே தகுதியில் எனக்குக் கல்யாணம் ஆனது.

காரை அந்த மாதமே விற்றேன். ஆனாலும் விடுதலை இல்லை. போன வாரம் பேரன் புது மோட்டார் சைக்கிள் வாங்கி வந்து நிறுத்தினான். எல்லோரும் மாலை போட, குங்குமம் வைக்க நெருங்கினார்கள். ருக்மணி மட்டும் தொட்டி மூடியைத் திறக்கச் சொல்லி, குனிந்து ஒரு தரம் மோந்து பார்த்தாள்.

“பொட்டு வைங்க. இது நல்ல குடும்பத்து வண்டிதான்” என்றாள், என்னைப் பார்த்துக்கொண்டே.