செக் வாக்கியத்துக்கும் அஞ்சு மார்க்

போன சனிக்கிழமை எனக்கு ஒரே ஒரு வேலை. யாங்கோனில் எங்கள் பபேடான் பேட்டையில் தமிழ் பேசுகிற பத்துப் பேரிடம் இருபது வாக்கியம் வாசித்துக் காட்டி, புரிந்ததா என்று கேட்டு எழுதி வரவேண்டும். அவ்வளவுதான்!

பிராக் நகரத்தில் இருபது வருஷம் இருந்துவிட்டு யாங்கோன் திரும்பியவன் நான். அங்கே என் தோழி யானா, செக் மொழியில் எந்த வாக்கியம் ஆளைக் குழப்பும், கேட்டவர்கள் அதை என்ன சொல் போட்டு வர்ணிப்பார்கள் என்று ஆராய்கிறாள். "எங்க ஊர்த் தமிழையும் உன் புத்தகத்துல சேர்த்துக்கோ" என்று நச்சரித்தது நான்தான்.

"சரி, சாயங்காலத்துக்குள்ள அனுப்பு. எல்லாப் பதிலும் ஒரே மாதிரி வந்தா ஒப்பிட ஒண்ணும் இருக்காது, தமிழை எடுத்துடுவேன்" என்றாள்.

முதலில் டீக்கடை டோ காமாட்சி அக்கா. பர்மிய வழக்கப்படி இங்கே பெயருக்கு முன்னால் மரியாதைக்குப் பெண்களுக்கு டோ, ஆண்களுக்கு கோ. வாசித்தேன்.

"கொக்கு துரத்தின தவளை முழுங்கப் பார்த்த பூச்சி பறந்துபோச்சு. புரியவே இல்லன்னா ஒண்ணு, நல்லா புரிஞ்சா அஞ்சு. எத்தனை போடலாம் அக்கா?"

"அஞ்சு தம்பி."

"வாக்கியம் எப்படி இருக்கு? ஒரு சொல்லுல சொல்லுங்க."

"நல்லா இருக்கு."

இருபதுக்கும் அஞ்சு. இருபதும் நல்லா இருக்கு!

என் முகம் வாடியதை அக்கா பார்த்துவிட்டார். "பத்தலையா? இருங்க." தெருப் பக்கம் திரும்பி ஒரு குரல் விட்டார். "வாங்கப்பா எல்லாரும்! தம்பிக்கு வெளிநாட்டுல ஏதோ பரீட்சையாம். அஞ்சு போட்டு விடுங்க!"

ஒன்பது பேர் வந்தார்கள். பக்கத்துத் தையல்கடை கோ செல்வம் உட்காரும்போதே "அஞ்சு!" என்றார்.

"நான் இன்னும் படிக்கவே இல்ல!"

"யாபாதே, பரவாயில்ல. நீங்க படிங்க. நான் போட்டாச்சு."

இந்த ஊரில் ஆனாடே என்று ஒன்று உண்டு. எதிராளி மனசு சங்கடப்படுமே என்கிற கூச்சம். சொல் பர்மியச் சொல், கூச்சம் எங்கள் எல்லாருக்கும் பொது. வெயிலில் நடந்து வந்து ஒருத்தன் வாசிக்கிறான், அவனிடம் போய்ப் புரியவில்லை என்பதா? இது தெரியாமல் நானும் ஒரு ஆராய்ச்சிக்காரன்!

"குறைச்சுப் போட்டாத்தாங்க எனக்கு நல்லது!" கெஞ்சினேன்.

"என்ன அடக்கம் பாரு" என்றார் அக்கா, கோ செல்வத்திடம்.

கடைசி ஆயுதத்தை எடுத்தேன். அதே வாக்கியத்தை அப்படியே செக்கில் வாசித்தேன்.

"அஞ்சு" என்றார் அக்கா.

"அக்கா, இது செக்!"

"அதான் எவ்வளவு தெளிவா சொன்னீங்க."

"என்ன புரிஞ்சது?"

அக்கா யோசித்தார். "ஏதோ குடும்ப விஷயம்."

"சொத்துத் தகராறு" என்றார் கோ செல்வம். "ஆனா கேட்க கொஞ்சம் கரகரன்னு இருக்கு. முள்ளு எடுக்காத மீன் மாதிரி."

அன்றைக்குக் கிடைத்த ஒரே வர்ணனை அதுதான். அதுவும் செக்குக்கு!

நாலு மணிக்கு அனுப்பினேன். அஞ்சு நிமிஷத்தில் யானா வீடியோவில் வந்துவிட்டாள். "எல்லாரும் எல்லாத்துக்கும் அஞ்சா? மன்னிச்சுக்கோ, தமிழை எடுத்துட்டேன்" என்று செக்கில் சொன்னாள்.

டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டு அக்கா எட்டிப் பார்த்தார். "என்ன தம்பி சொல்றாங்க? நம்ம தமிழ் புத்தகத்துல வருதாமா?"

பத்துப் பேரும் என் வாயையே பார்த்தார்கள்.

"வருது அக்கா. உங்களுக்குத் தனியா நன்றி சொல்லச் சொன்னாங்க."

நான் ஊர் திரும்பி மூணு வருஷம் ஆகிறது. வந்து சேர்ந்தது அன்றைக்குத்தான்.