சிரிக்காதே மாஸ்டரும் ஒரு பச்சைக் கவுனும்

அன்று காலை படக்கடைக் கண்ணாடிக்கு முன்னால் நின்றவர்கள்: டோபிக் கடை முதலாளி. அவர் மனைவி. ரொட்டி விற்கும் பாய். எதிர்க்கடைச் சீனக் கிழவர். பள்ளிக்கூடம் போகவேண்டிய பையன்கள் நான்கு பேர். கடைசியில் நான், கையில் கஞ்சிச் சட்டியோடு.

சிரிக்காதே மாஸ்டரைப் பற்றிச் சொல்கிறேன். ஜப்பான்காரன் போன பிறகு எங்கள் ஊர் காஜா பேராங் முழுவதும் பயந்தது அவர் ஒருவருக்குத்தான். சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. படம் பிடிக்கும்போது "சிரிக்காதே!" என்று கத்துவார். அதுவே பெயராகிவிட்டது.

"சிரிச்சா எல்லா மூஞ்சியும் ஒண்ணுலா. பயந்தாத்தான் வேற வேற," என்பார். பயமுறுத்தவும் செய்வார். கேமராவின் கறுப்புத் துணிக்குள் ஒரு சேவல் வைத்திருப்பார். சரியான நேரம் பார்த்து நம் மேல் எறிவார். அவரிடம் ஐசிக்கு, அதாவது அடையாள அட்டைக்கு, படம் எடுத்தவர்கள் எல்லாரும் பேயைப் பார்த்த மாதிரி இருப்பார்கள். சாலையை மறித்துச் சோதிக்கும் போலீஸ்காரர் படத்தைப் பார்த்ததுமே, "காஜா பேராங்கா? போ, போ," என்பாராம்.

ஐசி படம் சோற்றுக்கு. அவர் உயிர் வேறு படத்தில். சேலை கட்டுகிற பெண்களுக்குக் கவுன் மாட்டி, சைக்கிள் மேல் உட்காரவைத்து எடுப்பார். பெரிதாகக் கழுவிக் கடைக் கண்ணாடிக்குள் வைப்பார். கோயிலுக்குப் போகிறவர்கள் அந்தப் பக்கம் திரும்பமாட்டார்கள். வரும்போது பார்ப்பார்கள்.

கவுனுக்கு எங்கே போவார்? பக்கத்து டோபிக் கடைக்கு. அங்கே இஸ்திரி போடுவது நான். துவைத்த துணி, ஆள் வந்து எடுக்கும்வரை தொங்கும். "ரெண்டு நாள் சும்மாதானே தொங்குது. குடு தங்கச்சி," என்பார். கொடுப்பேன். முதலாளிக்குத் தெரியாது. தெரிந்தால் வேலை போகும். என் புருஷன் லாரியிலிருந்து விழுந்து படுத்த படுக்கை. பிள்ளை இரண்டு. என் கூலிதான் சோறு.

மெர்டேக்காவுக்கு, நாடு சுதந்திரம் வாங்கிய நாளுக்கு, முந்தின வாரம். உஜோங் பாசிரிலிருந்து ஆபீஸ் பெரிய கிராணி ஒருவரின் மனைவி பச்சைக் கவுன் ஒன்றை வெளுக்கப் போட்டிருந்தார். "இதுக்கு நீதான் நிக்கணும்," என்றார் மாஸ்டர். ஆசை யாரை விட்டது. நின்றேன். சேவல் பறந்து வந்தது. அலறினேன். அதைப் படம் பிடித்துவிட்டார். இன்னொன்று எடுத்தார். அந்தத் தடவை சேவல் திரும்பி அவர் தலையிலேயே ஏறியது. சிரித்துவிட்டேன். "போச்சு! பிலிம் நாசம்!" என்று திட்டினார்.

இரண்டு நாள் கழித்துக் கடை திறக்க வந்தால், படக்கடைக் கண்ணாடிக்குள் ஆள் உயரத்துக்கு அலறுகிறேன்.

"மாஸ்டர், எடுங்க! இன்னிக்குத்தான் கிராணியம்மா கவுனுக்கு வர்றாங்க!"

"என் கையில வந்த நல்ல படமே இதுதான். ஆணி அடிச்சிட்டேன். எடுக்கமாட்டேன்."

முனையில் கிராணியம்மாவின் காடி ஹாரன் அடித்தது.   அவர் என் முகத்தைப் பார்த்தார். அன்றைக்குச் சேவல் தேவைப்படவில்லை.

"துணிக்குப் போடுற கஞ்சி கொண்டா."

ஓடிக் கொண்டுவந்தேன். சுவரில் தொங்கிய தன் ஆளுயரப் படத்திலிருந்து தலையைக் கத்தரித்தார். கஞ்சி தடவி என் முகத்தின் மேல் ஒட்டினார். கீழே கவுன், மேலே மீசை. அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. கிராணியம்மாவும் இறங்கிவிட்டார்.

"இது என் கவுன்! யாரு குடுத்தது?"

முதலாளி என்னைப் பார்த்தார். கஞ்சிச் சட்டியை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன்.

"யாரும் குடுக்கலம்மா. கொடியிலேருந்து நானே எடுத்தேன்," என்றார் மாஸ்டர்.

"எடுத்து?"

"போட்டேன். இடுப்புலதான் கொஞ்சம் புடிச்சது."

பாய் ரொட்டிக் கூடையை இறக்கிவைத்துச் சிரித்தார். முதலாளி நீட்டிய கவுனைக் கிராணியம்மா பிடுங்கி மாஸ்டர் முகத்தில் எறிந்தார். "சீ! இனி இதை நான் போடுவேனா? நீயே மாட்டிக்கிட்டுத் திரி!" காடி போய்விட்டது. என் வேலை போகவில்லை.

அதன் பிறகு கவுன் படத்துக்கு ஒரு பெண்ணும் அவர் கடைக்கு வரவில்லை. பையன்கள் "கவுன் மாஸ்டர்!" என்று கத்தி ஓடுவார்கள். கடைசிவரை ஐசி படம்தான் எடுத்தார்.

"ஏன் மாஸ்டர் அப்படிப் பண்ணீங்க?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"உனக்கு வேலை வேணும். எனக்கு மூஞ்சி எதுக்கு? எப்பவும் கறுப்புத் துணிக்குள்ளதானே இருக்கேன்."

அவர் செத்தபோது கேட்க ஆளில்லை. கட்டடக்காரர் படப்பெட்டியை என்னிடம் தள்ளிவிட்டார். வீட்டில் வைத்து எண்ணினேன். பயந்த முகம், இருநூற்றுப் பன்னிரண்டு.

சிரித்த முகம், ஒன்று.